48 மணி நேரம் சரி, அதற்கு அப்புறம்?

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பெரும்பாலான பேர் என்னிடம் வருகிறார்கள். அதாவது மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும், அதற்குள் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எல்லாம் ஒன்றோடொன்று சுருண்டு கிடக்கும். "எலும்பு நல்லா கூடிருச்சாம் சார், ஆனா கால் மடங்க மாட்டேங்குது" என்பார்கள். படுக்க வைத்து மடக்கிப் பார்த்தால் முட்டி 40 டிகிரியில் கட்டை போல நின்றுவிடும். நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே 90 வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் உட்கார 130க்கு மேல் வேண்டும். நம் ஊரில் முட்டி மடங்காதவனுக்கு முதலில் போவது வேலை இல்லை, காலைக்கடன்.

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் கிளினிக், ஊர் பேர் வேண்டாம். வருகிறவர்களில் பாதிப் பேர் பைக் கேஸ். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வந்த வண்டி, மீடியன் இடைவெளியில் திடீரெனத் திரும்பிய டிராக்டர், இரவில் லைட் போடாமல் நின்ற லாரி, கதை எல்லாம் ஒன்றுதான். 2022ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. அதே ஆண்டு சாலையில் செத்தவர்கள் நம் மாநிலத்தில் 17,884 பேர், நாடு முழுக்க 1,68,491 பேர், அதில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். இதெல்லாம் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. சாகாமல் பிழைத்தவர்களின் கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கணக்கெடுக்கும் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உயிரைக் காப்பாற்றுகிற வேலையை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். 108 வண்டி 2008ல் வந்தது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் இன்னுயிர் காப்போம் திட்டத்தைத் தொடங்கினார்கள், நம்மைக் காக்கும் 48 என்று பெயரிலேயே மணிக்கணக்கு உண்டு. விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில்கூட முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தொடங்கியபோது ஒரு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாளுக்கு 1.5 லட்சம் வரை. நல்ல விஷயம், குறையே சொல்ல மாட்டேன். கூழாகிப்போன காலை வெட்டலாமா காப்பாற்றலாமா என்று முடிவெடுக்க உலகம் முழுக்கப் பேசப்படுகிற ஒரு மதிப்பெண் முறை கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள் உருவாக்கியதுதான். காலைக் காப்பாற்றும் வித்தையில் நமக்குக் குறைவில்லை.

ஆனால் தொடை எலும்பு கூட மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். கணுக்காலுக்கு மேலே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த எலும்பு என்றால் இன்னும் கூடுதலாகவே ஆகும். 48 மணி நேரம், 7 நாள் எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸிலோ தெரிந்தவர் காரிலோ வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு அந்த ஆறு மாதத்துக்கு யார் பொறுப்பு? அறுவை செய்த டாக்டர் எலும்புக்குப் பொறுப்பு, அதை அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். முட்டிக்கு? தசைக்கு? எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும்? அவனுடைய அம்மா பொறுப்பு, அல்லது பெண்டாட்டி. அவர்களுக்கு யாரும் எதையும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியாக எழுதியிருப்பார்கள், ஸ்டாட்டிக் குவாட்ரிசெப்ஸ், நீ மொபிலைசேஷன், ஆறு வாரம் நான் வெயிட் பேரிங், ரிவ்யூ இன் ஓபிடி. இந்த ஒரு வரிதான் ஆறு மாத வைத்தியம். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தொடைத் தசையை இறுக்கு, முட்டியை மடக்கிப் பழக்கு, ஆறு வாரம் காலில் எடை போடாதே, ஓபிக்கு வந்து காட்டு என்பதுதான் அர்த்தம். வீட்டுக்குப் போய்ச் சேர்வது என்னவோ "கால் ஊணக் கூடாது" என்பது மட்டும்தான். கால் ஊணக் கூடாது என்றால் காலை அசைக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குப் பாசம், பிள்ளைக்கு வலி, முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகிவிடுவார்கள். பார்க்க சுகமாக இருக்கும், முட்டி லேசாக மடங்கியபடி அதன் மேல் கிடக்கும். ஒரு மாதம் அப்படியே கிடந்தால் அந்தக் கால் முழுசா நீளவும் மாட்டேன் என்கும், முழுசா மடங்கவும் மாட்டேன் என்கும். நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற கேஸில் முதல் வேலை அந்தத் தலையணையைப் பிடுங்குவதுதான். தூக்கி வைக்கணுமா, குதிகாலுக்கும் கெண்டைக்கும் அடியில் வையுங்கள், முட்டி தொங்கட்டும். இதைச் சொன்னதும் அம்மாக்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பிள்ளைக்குச் சூனியம் வைக்க வந்தவன் மாதிரி.

தொடை எலும்புக்கு உள்ளே ராடு போட்டவருக்குப் பெரும்பாலும் அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே முட்டியை மடக்க ஆரம்பித்துவிடலாம், அதற்காகத்தான் ராடே போடுவது. பழைய காலத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள், அதைத் தவிர்க்கத்தானே இத்தனை செலவு. ராடைப் போட்டுவிட்டு அதே மாதிரி படுத்துக் கிடந்தால் என்ன அர்த்தம்? பிளேட் போட்டவர், முட்டி மூட்டுக்குள்ளேயே உடைந்தவர், கட்டோடு இருப்பவர், ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு, அதனால் உங்கள் சர்ஜனிடம் மூன்றே கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலைத் தமிழில் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எந்த மூட்டை எப்போதிலிருந்து மடக்கலாம், எவ்வளவு எடை எப்போது ஊணலாம், அடுத்த எக்ஸ்ரே எந்தத் தேதி. கூச்சப்பட வேண்டாம், ஓபியில் கூட்டம்தான், ஆனாலும் கேட்டால் சொல்வார்கள்.

எதுவும் செய்ய அனுமதி இல்லாத நாளிலும் பெரும்பாலான பேருக்கு ஒன்று செய்ய முடியும். காலை நீட்டிப் படுத்து, முட்டியைக் கட்டிலோடு அழுத்துகிற மாதிரி தொடைத் தசையை இறுக்கி, மனசுக்குள் ஐந்து எண்ணி விட வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், விழித்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம். இதில் இரண்டாவது வெறும் பயிற்சி மட்டும் இல்லை. அசையாமல் கிடக்கிற காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் ஆளைக் கொன்றுவிடும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, இறுகி, வலித்தால் எண்ணெய் போட்டு நீவாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் 108தான், யோசிக்க நேரமில்லை.

நீவுவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆந்திராவில் திருப்பதி பக்கத்தில் இருக்கிற புத்தூரின் பெயரைப் போட்டு நம் ஊரில் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் கட்டுப் போடுகிற போர்டு தொங்குகிறது. விலகாத சின்ன விரிசல் என்றால் எந்தக் கட்டுப் போட்டாலும் ஆறும், அந்தப் பெருமை கட்டியவருக்குப் போகும், போகட்டும். ஆனால் அறுவை முடிந்து வந்தவரை அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று கூட்டிப்போய் நீவுவது இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். முக்கியமாக முழங்கை. அடிபட்ட முழங்கையை வலுக்கட்டாயமாக நீவினால், இழுத்து மடக்கினால், எலும்பு இருக்கவே கூடாத தசைக்குள் எலும்பு வளரும். அப்புறம் அந்தக் கை மடங்கவே மடங்காது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் குனிந்து சாப்பிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கட்டு இறுக்கமாக இருந்து விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், மாவுக்கட்டோ இலைக்கட்டோ, அந்த நிமிஷமே பிரிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து கையை இழந்தவர்கள் உண்டு.

கம்பி வெளியே தெரிகிற மாதிரி போட்டிருப்பார்களே, எக்ஸ்டர்னல் பிக்சேட்டர், அதைப் பார்த்துப் பயந்து சிலர் கிட்டவே போக மாட்டார்கள். கம்பி தோலுக்குள் போகிற இடத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுத்த மாதிரி சலைன் தொட்டுத் துடைத்து, காயவிட்டால் போதும். மஞ்சள் வேண்டாம், திருநீறு வேண்டாம். சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் உடனே போங்கள். ஆறிய தழும்பில் மாதக்கணக்கு கழித்து ஒரு சின்னக் கொப்புளம் வந்து லேசாகத் தண்ணி வடிந்தாலும் அலட்சியம் வேண்டாம், உள்ளே பிளேட்டைச் சுற்றிக் கிருமி உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று பீடி, சிகரெட். எலும்பு கூடுவதை அது தாமதமாக்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஆட்டுக்கால் சூப்புக்கு ஆயிரம் செலவு செய்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி வலிக்கிறவரிடம் நான் என்ன சொல்ல?

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுதவைத்தது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தலையும் தோளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபடும்படி விழுந்தால், கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து இழுபட்டுப் பிய்ந்துவிடும். பிரேக்கியல் பிளெக்சஸ் காயம் என்பார்கள். இது பெரும்பாலும் பைக் ஓட்டுகிறவர்களுக்கே வருகிற காயம். சென்ற வருடம் ஒரு பையன் வந்தான், கொரியர் கம்பெனியில் டெலிவரி வேலை, வயது இருபத்தைந்து இருக்கும். காரை எலும்பு உடைந்ததற்கு வைத்தியம் பார்த்து அது அழகாகக் கூடிவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்து பெல்ட்டில் சொருகி வைத்திருந்தான், நடக்கும்போது ஆடாமல் இருக்க. "அதிர்ச்சியில அப்படி இருக்கும், தானா வரும்னு சொன்னாங்க சார்" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன், யாருமே குறிப்பாக இல்லை, எல்லோரும்தான். விபத்து நடந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

தானாக வருகிற நரம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நரம்பு வளர்கிற வேகம் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். அது கழுத்திலிருந்து புறப்பட்டுக் கை வரைக்கும் போய்ச் சேர்வதற்குள், உத்தரவு வராத தசை கரைந்து கொழுப்பாகிவிடும். அதனால்தான் நரம்பு அறுவையை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிடப் பார்ப்பார்கள். ஒரு வருடம் தாண்டினால் நரம்பை இணைத்தும் பெரிதாகப் பலன் இருக்காது, அப்புறம் வேறு இடத்துத் தசையை எடுத்து வைக்கிற சுற்றுவழிதான். இதற்கென்றே பேர்போன இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு பணம் இல்லாதவர்களுக்கும் திறந்த கதவு, கோவை கங்காவுக்கு வெளிநாட்டு டாக்டர்களே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அந்தப் பையன் வீட்டிலிருந்து சென்னை மூன்றரை மணி நேர பஸ் பயணம். அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது மாதத்தில் யாராவது ஒருவர் "தம்பி, ஸ்டான்லிக்குப் போ" என்று சொல்வது, அவ்வளவுதான். ஒவ்வொரு ரிவ்யூவிலும் எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. இப்போது ஸ்டான்லியில் அடுத்த அறுவைக்கான பட்டியலில் இருக்கிறான். விபத்துக்குப் பிறகு கையோ காலோ உணர்வில்லாமல், அசைவில்லாமல் இருந்து, ஓரிரு மாதத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் நரம்பு பார்க்கிறவரைத் தேடிப் போங்கள், தானாக வரட்டும் என்று உட்காராதீர்கள்.

தலைக்காயத்தைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, என் துறை இல்லை, ஆனால் வீட்டுக்குள் போகிறவன் என்பதால் கண்ணில் படும். முதல் நாள் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லச் சேரலாம், வயதானவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கூடுதலாக. தலைவலி ஏறிக்கொண்டே போவது, எந்நேரமும் தூக்கக் கலக்கம், நடை தடுமாற்றம், ஒரு பக்கம் தளர்வது, இவற்றில் எது வந்தாலும் மறுபடி ஸ்கேன். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீங்களே நிறுத்தாதீர்கள். அப்புறம் குணம் மாறுவது. "முன்னெல்லாம் இப்படிக் கத்தமாட்டாரு சார், இப்ப குழந்தை சத்தம் போட்டா தட்டைத் தூக்கி வீசுறாரு" என்று ஒரு பெண் அடுப்படியில் நின்று மெதுவாகச் சொன்னார். காத்து கருப்பு என்று கயிறும் கட்டியாகிவிட்டது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் கோபத்தை அடக்குகிற பிடி தளரும், அதற்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு. வாசனை தெரியாமல் போவதும் உண்டு, அப்படியானவர் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் சிலிண்டர் விஷயத்தில் ஜாக்கிரதை.

பணம். முதல்வர் காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கைகொடுக்கும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரிவ்யூவுக்குப் போக கார் வாடகைக்கும், கூடப் போகிறவர் விடுகிற ஒருநாள் கூலிக்கும் கொடுக்காது. அதனால்தான் இரண்டாவது ரிவ்யூவோடு நின்றுவிடுகிறார்கள், சோம்பேறித்தனத்தால் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. பலருக்கு இது தெரியாது, சுகர் மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடமே கேட்டுப் பதிவு செய்யலாம். ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டிய அந்த பிசியோ தினமும் வர முடியாது, ஆனால் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் மிச்சத்தை வீட்டில் செய்துகொள்ளலாம். எனக்கு வருமானம் குறையுமே என்று கேட்காதீர்கள், குறையட்டும்.

நஷ்டஈடு கேட்டு கேஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், படுக்கையில் இருக்கும்போதே அது ஓடிவிடும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் பலத்த காயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம் என்று தனித் திட்டம் இருக்கிறது. பிசியோ பில், வாக்கர் பில், கார் வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். ஆனால் புரோக்கர்கள் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள், "கேஸ் முடியுற வரைக்கும் கால் மடங்க வேணாம், ஊன பர்சன்டேஜ் குறைஞ்சிரும்". இதைக் கேட்டு ஒரே வாரத்தோடு பயிற்சிக்கு வராமல் நின்றுபோனவர்கள் என்னிடமே உண்டு. 2010லேயே ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, காலில் எத்தனை சதவீத ஊனம் என்பதை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஊனம் அவர் செய்கிற தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். கேஸ் முடிய வருடக்கணக்கு ஆகும். அதற்குள் முட்டி இறுகிப்போயிருக்கும், மயக்கம் கொடுத்து மடக்கியும் சரிவராமல் இன்னொரு அறுவை வரை போகும், வருகிற பணம் அதற்கே சரியாகிவிடும்.

முதுகுத் தண்டு அடிபட்டவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை செய்து, பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, அங்கே 1966ல் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு அடித்தளம் போட்டார். அறுவைக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையும் வைத்தியம்தான் என்பது இந்த மண்ணில் அவ்வளவு பழைய செய்தி. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீரை டியூப் வைத்து எடுப்பது எல்லாம் அங்கே வீட்டாருக்கே கற்றுக்கொடுக்கிறார்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்கிற கேள்வி, வண்டி எப்போது ஓட்டலாம். எலும்பு கூடியது போதாது. அடிபட்ட காலில் முழு எடையும் போட்டு ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, வலது கால் என்றால் பிரேக்கை யோசிக்காமல் சட்டென்று அழுத்த முடிகிறதா, சிக்னலில் சாய்கிற வண்டியை ஒரு காலால் தாங்க முடிகிறதா, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்று பார்ப்பேன். கிளினிக் வாசலில் என் பழைய ஸ்பிளெண்டரை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்காரச் சொல்வேன். சிலர் ஏறியதும் கை நடுங்கும், காலில் ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் இன்னும் சில வாரம் பின்னால் உட்கார்ந்து போய்ப் பழகட்டும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது நிற்கவில்லையென்றால் மாவட்ட மருத்துவமனையில் மனநல டாக்டர் இருக்கிறார், ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. வலிப்பு வந்தவர்கள் நரம்பியல் டாக்டர் சரி என்று சொல்கிறவரை சாவியையே தொடக் கூடாது. விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள், வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.